சிங்கிள் கூரை வேய்தல்

சிங்கிள் கூரை வேய்தல் என்பது, சிங்கிள் எனப்படும் தட்டையான சிறு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வரிவரியாக ஆணியறைந்து, சரிவான கூரையொன்றை மூடும் கட்டுமான வேலை ஆகும். சிங்கிள்கள் மரம், பலகைக்கல், தார் முதலிய பல பொருட்களால் செய்யப்படுகின்றன. இவற்றுள் தார்ச் சிங்கிளே ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக் கூரைகளுக்கு மிகப் பரவலாகப் பயன்படுகின்றது. அந்நாடுகளில் வீட்டின் கொல்லைப்புறத்தில் புல்வெட்டும் இயந்திரம், மிதிவண்டி, தோட்டக் கருவிகள் போன்றவற்றை வைப்பதற்காக அமைக்கப்படும் சிறு மரக் கொட்டகைகளின் கூரைகளும் பெரும்பாலும் இதனாலேயே வேயப்படுகின்றன. இக்கொட்டகைக் கூரைகளை வீட்டு உரிமையாளர்கள் தாமே வேய்வதுண்டு. வேலை சிறியது, எனினும் பெரிய வீட்டுக் கூரைக்குரிய விதிகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

தார்ச் சிங்கிள் கூரை, தொட்டியைப்போல் நீர் புகாதவாறு அடைக்கப்பட்ட அமைப்பு அன்று. விழும் நீரைத் தேங்கவிடாமல் கீழ்நோக்கி வழியவிடும் அமைப்பே அது. வேலையின் வரிசைமுறை, ஆணி அறையும் இடம், தகடுகளின் மேற்படிவு ஆகியவை குறித்த விதிகளுள் பெரும்பாலானவை இந்த ஓர் அடிப்படையிலிருந்தே பிறக்கின்றன.

சிங்கிளின் அமைப்பு

தார்ச் சிங்கிள் ஒன்றின் நடுவில் கண்ணாடியிழையாலான மெல்லிய பாய் ஒன்று இருக்கும். இது சிங்கிளுக்கு வலுவூட்டுகின்றது. இதன் இரு பக்கங்களிலும் கனிமப்பொடி கலந்த நிலக்கீல் (பொது வழக்கில் தார்) பூசப்படுகின்றது. நீரைத் தடுப்பது இந்நிலக்கீலே. மேற்பரப்பில் நிறமூட்டிய கல் துகள்கள் பதிக்கப்படுகின்றன. இத்துகள்கள் அழகுக்காக மட்டும் இடப்படுபவை அல்ல. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் நிலக்கீலை உலர்த்தி வெடிக்கச் செய்யும்; துகள்கள் அக்கதிர்களை மறைத்துச் சிங்கிளின் ஆயுளை நீட்டிக்கின்றன. அதனால்தான் துகள் உதிர்ந்த கூரை விரைவில் பழுதடைகின்றது.

சிங்கிளின் முகத்தில், நீளவாக்கில் ஒட்டுப்பட்டை ஒன்று இருக்கும். வெயிலில் சூடேறும்போது இப்பட்டை இளகி, மேல்வரிச் சிங்கிளைக் கீழ்வரிச் சிங்கிளுடன் ஒட்டிவிடும். காற்று சிங்கிளைப் புரட்டாமல் காப்பது இவ்வொட்டே ஆகும்.

வகைகள்

 • மும்மடல் சிங்கிள்: ஒரே படலத்தால் ஆனது. கீழ்ப்பாதியில் இரண்டு வெட்டுப்பிளவுகள் இருப்பதால் மூன்று மடல்களாகத் தோன்றும். வழமையான அளவு 36 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் ஆகும் (914 x 305 மி.மீ). மீட்டர் அளவில் வருபவை ஏறத்தாழ 1000 மி.மீ நீளமும் 337 மி.மீ அகலமும் கொண்டவை.
 • அடுக்குப்படலச் சிங்கிள்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படலங்கள் ஒட்டப்பட்டது. தடிப்பும் எடையும் கூடியது. இதற்கு வெட்டுப்பிளவுகள் இல்லை. இன்று புதிய வீடுகளில் பெரும்பாலும் இவ்வகையே பயன்படுகின்றது.

கொட்டகைகளுக்கு இரு வகைகளும் பயன்படுகின்றன. மேற்படிவின் தத்துவத்தை விளக்குவதற்கு மும்மடல் சிங்கிள் எளிது என்பதால், இக்கட்டுரையில் தரப்படும் அளவுகள் 36 x 12 அங்குல மும்மடல் சிங்கிளுக்கு உரியவை.

வரலாறு

வட அமெரிக்காவில் தொடக்கத்தில் மரச் சிங்கிள்களே பரவலாக இருந்தன. காடுகள் மிகுந்த அக்கண்டத்தில் மரம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் உலர்ந்த மரச் சிங்கிள் எளிதில் தீப்பற்றும். எரியும் துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழுந்து தீயைப் பரப்பும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தார் தோய்த்த கம்பளத்தாள் சுருள்கள் கூரைகளுக்குப் பயன்படத் தொடங்கின. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரைச் சேர்ந்த கூரை ஒப்பந்தக்காரரான ஹென்றி எம். ரெனால்ட்ஸ் என்பவர், 1903ஆம் ஆண்டில் இச்சுருள்களைத் தனித்தனித் தகடுகளாக வெட்டிப் பயன்படுத்தினார். தார்ச் சிங்கிளின் தொடக்கம் இதுவே எனக் கருதப்படுகின்றது. 1910களில் ஐக்கிய அமெரிக்கத் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பு மரச் சிங்கிளுக்கு எதிராகப் பரப்புரை செய்தது. 1923 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஏற்பட்ட தீயில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. தீ வேகமாகப் பரவ மரச் சிங்கிள் கூரைகள் முக்கிய காரணமாயின. இத்தகைய நிகழ்வுகள் தார்ச் சிங்கிள் பரவ உதவின.

தானாக ஒட்டிக்கொள்ளும் பட்டை 1950களில் புழக்கத்துக்கு வந்தது. முன்னர் பயன்பட்ட மரக்கூழ், கந்தல்துணி ஆகியவற்றாலான பாய்களுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் பாய் 1960களுக்குப் பின்னர் பரவியது. நிலக்கீல் எரியக்கூடிய பொருளாக இருந்தபோதிலும், கண்ணாடியிழைப் பாயும் கனிமப்பொடியும் கல் துகள்களும் சேர்வதால் இன்றைய சிங்கிள்கள் தீத்தடுப்புச் சோதனைகளில் மிக உயர்ந்த தரமான ஏ பிரிவைப் பெறுகின்றன.

செயற்படும் விதம்

12 அங்குல அகலமுள்ள சிங்கிளில் கீழ்ப்பகுதி 5 அங்குலம் மட்டுமே வெளியே தெரியும். எஞ்சிய 7 அங்குலம் மேல்வரிச் சிங்கிளால் மூடப்பட்டிருக்கும். இதனால் கூரையின் எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு படலங்கள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 2 அங்குல அகலமுள்ள பட்டையொன்றில் மூன்று படலங்கள் இருக்கும் (12 - 5 - 5 = 2). இந்த 2 அங்குலம் தலைமேற்படிவு எனப்படும்.

இதன் தேவையைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு சிங்கிள்களுக்கு இடையே ஒரு மூட்டு உண்டு. மழைநீர் அம்மூட்டினூடாகக் கீழிறங்கும். அதைத் தடுப்பதற்கு எந்த அடைப்பும் இல்லை. இறங்கிய நீர், கீழ்வரிச் சிங்கிளின் மறைந்த பகுதியில் விழுந்து, அதன் மேற்பரப்பு வழியாகவே கீழே வழிந்துவிடுகின்றது. எனவே மூட்டின் கீழே எப்போதும் ஒரு முழுச் சிங்கிள் இருக்கவேண்டும். மேல்வரி மூட்டும் கீழ்வரி மூட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால், அவ்விடத்தில் நீர் கூரைப் பலகையை அடையும்.

தென்னங்கீற்று வேயும்போதும் ஓடு பதிக்கும்போதும் இறவாணத்தில் தொடங்கி முகட்டை நோக்கிச் செல்வது இதே காரணத்தால்தான். மேலே உள்ளது கீழே உள்ளதன்மீது படியவேண்டும் என்பது இவை யாவற்றுக்கும் பொதுவான விதி ஆகும்.

கூரைச் சரிவு

நீரை வழியவிடும் அமைப்பு என்பதால், போதிய சரிவு இல்லாத கூரையில் சிங்கிள் பயன்படாது. சரிவு, 12 அங்குலக் கிடைத் தூரத்துக்கு எத்தனை அங்குலம் உயர்கின்றது என்பதைக் கொண்டு குறிக்கப்படுகின்றது. 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் உயர்ந்தால் அது 4:12 எனப்படும்.

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் பன்னாட்டு வசிப்பிடக் கட்டட விதித்தொகுப்பு பின்வருமாறு கூறுகின்றது:

 • 2:12இற்குக் குறைந்த சரிவில் தார்ச் சிங்கிள் வேயக்கூடாது.
 • 2:12 முதல் 4:12இற்கு உட்பட்ட சரிவில், சிங்கிளின் கீழே இரட்டை அடிவிரிப்பு இடவேண்டும்.
 • 4:12உம் அதற்கு மேலும் எனில் ஒற்றை அடிவிரிப்பு போதும்.

கொட்டகைகளில் இவ்விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மதிலோரம் அமைக்கப்படும் ஒருசரிவுக் கொட்டகைகள் பல, உயரத்தைக் குறைப்பதற்காக மிகக் குறைந்த சரிவுடன் கட்டப்படுகின்றன. அவற்றுக்குச் சிங்கிளைவிடச் சுருள் வடிவக் கூரைவிரிப்போ உலோகத் தகடோ பொருத்தமானது.

கட்டட அனுமதி

சிறு கொட்டகைகளுக்குப் பல ஊர்களில் கட்டட அனுமதி தேவையில்லை. மேற்கூறிய விதித்தொகுப்பின் அண்மைய பதிப்புகள், ஒற்றைத்தளமுள்ள தனிக் கொட்டகை 200 சதுர அடிக்கு (ஏறத்தாழ 18.6 ச.மீ) மேற்படாவிடின் அனுமதியிலிருந்து விலக்களிக்கின்றன. 120 சதுர அடியை எல்லையாகக் கொண்ட ஊர்களும் உள்ளன. எல்லை ஊருக்கு ஊர் வேறுபடுவதால் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டறிவது வழக்கம். அனுமதி தேவையில்லை என்பதால் கட்டுமான விதிகளைப் பின்பற்றத் தேவையில்லை என்று பொருளாகாது.

பொருட்களும் கருவிகளும்

 • கூரைப் பலகை: ஒட்டுப்பலகை அல்லது அழுத்திய மரச்சீவல் பலகை. கொட்டகைகளில் 7/16 அங்குலம் அல்லது 1/2 அங்குலத் தடிப்பு வழமையானது.
 • அடிவிரிப்பு: தார் தோய்த்த தாள் அல்லது செயற்கை இழை விரிப்பு. தார்த்தாள் சுருளின் அகலம் 36 அங்குலம்.
 • சொட்டுத் தகடு: கூரை விளிம்புகளில் பொருத்தப்படும் வளைந்த உலோகத் தகடு.
 • சிங்கிள்: கட்டுகளாக விற்கப்படுகின்றது. பொதுவாக மூன்று கட்டுகள் 100 சதுர அடிக்குப் போதும். இந்த 100 சதுர அடியே கூரைத் தொழிலில் ஓர் அலகாகக் கொள்ளப்பட்டு "சதுரம்" எனப்படுகின்றது. கட்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 25 முதல் 35 கி.கி வரை இருக்கும்.
 • கூரை ஆணி: துத்தநாகம் பூசியது. தலையின் விட்டம் குறைந்தது 3/8 அங்குலம்.
 • தார்ப் பசை.
 • சுத்தியல், கொக்கி அலகுள்ள வெட்டுக்கத்தி, அளவுநாடா, நூல் அடிப்பதற்கான வண்ணப்பொடிக் கயிறு, ஏணி.

அளவு கணித்தல்

8 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட, இருசரிவுக் கூரையுள்ள கொட்டகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சரிவு 4:12, நான்கு பக்கமும் கூரை சுவரைத் தாண்டி 6 அங்குலம் நீண்டுள்ளது.

 1. கூரையின் கிடைப் பரப்பு: 9 x 13 = 117 சதுர அடி.
 2. சரிவுப் பெருக்கம்: பைதகரசு தேற்றப்படி, 4:12 சரிவுக்கு இது 1.054 ஆகும் (6:12இற்கு 1.118, 8:12இற்கு 1.202; 12:12இற்கு 1.414).
 3. உண்மையான கூரைப் பரப்பு: 117 x 1.054 = ஏறத்தாழ 123 சதுர அடி.
 4. வெட்டுக்கழிவுக்காக 10% கூட்டினால் ஏறத்தாழ 136 சதுர அடி. இதற்கு நான்கு கட்டுகளுக்குச் சற்று மேல் தேவை.
 5. இரு இறவாணங்களிலும் தொடக்க வரியின் நீளம் 26 அடி. இதற்கு 9 சிங்கிள்கள்.
 6. முகட்டின் நீளம் 13 அடி. 5 அங்குலத்துக்கு ஒன்றாக 32 மூடித் துண்டுகள் தேவை. ஒரு சிங்கிளிலிருந்து மூன்று துண்டுகள் கிடைக்கும் என்பதால் 11 சிங்கிள்கள்.

கடைசி இரண்டையும் சேர்த்தால் மேலும் முக்கால் கட்டு ஆகின்றது. ஆகவே மொத்தம் 5 கட்டுகள் வேண்டும். தொடக்க வரியையும் முகட்டையும் கணக்கில் சேர்க்காமல் நான்கு கட்டுகள் மட்டும் வாங்கினால், வேலையின் கடைசிக் கட்டத்தில் சிங்கிள் குறைவுபடும். சரிவுப் பக்கம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 57 அங்குலம்; 5 அங்குலத்துக்கு ஒரு வரி என்பதால் பக்கத்துக்கு 12 வரிகள் வரும். ஆணிகள் ஏறத்தாழ 500 தேவைப்படும்.

வேயும் முறை

கூரைப் பலகையை ஆயத்தப்படுத்தல்

பலகைகள் ஈரமின்றியும் தொய்வின்றியும் இருக்கவேண்டும். ஈரத்தில் பலகை விரிவடையும் என்பதால், பலகைகளுக்கிடையே ஏறத்தாழ 1/8 அங்குல (3 மி.மீ) இடைவெளி விடப்படுகின்றது. இடைவெளி இல்லாவிடின் விரிவடையும் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி மேலெழும். அம்மேடு சிங்கிளின்மேல் கோடாகத் தெரியும்.

ஒவ்வொரு சரிவுப் பக்கத்தின் இரு மூலைவிட்டங்களும் அளக்கப்படுகின்றன. இரண்டும் சமமெனில் அப்பக்கம் சரியான செவ்வகம் ஆகும். சமமில்லையெனில், அவ்வேறுபாட்டைக் கடைசி வரிகளில் ஒரேயடியாகச் சரிசெய்யாமல், வரிகள்தோறும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து சரிசெய்யவேண்டும்.

பழைய சிங்கிள் உள்ள கூரையாயின், அதை அகற்றிவிட்டு வேய்வது நன்று. ஏற்கனவே இரண்டு அடுக்குகள் இருப்பின் அவற்றின்மேல் மூன்றாவது அடுக்கு வேய்வதை விதித்தொகுப்பு தடை செய்கின்றது.

சொட்டுத் தகடும் அடிவிரிப்பும்

இவ்விரண்டின் வரிசை இறவாணத்தில் ஒரு விதமாகவும் பக்க விளிம்புகளில் வேறு விதமாகவும் அமையும்.

 • இறவாணத்தில் முதலில் சொட்டுத் தகடு, அதன்மேல் அடிவிரிப்பு. அடிவிரிப்பின்மேல் எப்போதாவது நீர் வந்தால், அது தகட்டின்மேல் வழிந்து வெளியேறும். வரிசை மாறினால் நீர் தகட்டின் பின்புறம் புகுந்து விளிம்புப் பலகையை அழுகச் செய்யும்.
 • பக்க விளிம்புகளில் முதலில் அடிவிரிப்பு, அதன்மேல் தகடு. காற்றடித்து வரும் மழை விரிப்பின் அடியில் நுழையாமல் தகடு காக்கின்றது.

தகட்டுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 2 அங்குலம் படியவேண்டும். அடிவிரிப்பு கீழிருந்து மேலாக விரிக்கப்படுகின்றது; மேல் விரிப்பு கீழ் விரிப்பின்மேல் குறைந்தது 2 அங்குலம் படியும். 4:12இற்குக் குறைந்த சரிவில் முதலில் 19 அங்குலப் பட்டையும், பின்னர் 36 அங்குல விரிப்புகள் 19 அங்குலம் படியுமாறும் இடப்படுகின்றன. இதனால் எங்கும் இரு படலங்கள் கிடைக்கும்.

குளிர் மிகுந்த பகுதிகளில் வீட்டு இறவாணங்களில் பனிக்கட்டித் தடுப்பு விரிப்பு கட்டாயமாகும். வீட்டின் வெப்பம் கூரைமேல் உள்ள பனியை உருக்கி, அந்நீர் குளிர்ந்த இறவாணத்தில் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்பதே இதற்குக் காரணம். வெப்பமூட்டப்படாத கொட்டகையில் இது நிகழ வாய்ப்புக் குறைவு என்பதால், விதித்தொகுப்பு தனிக் கொட்டகைகளுக்கு இதிலிருந்து விலக்களிக்கின்றது.

தொடக்க வரி

முதல் வரியின் கீழே தொடக்க வரி ஒன்று இடப்படவேண்டும். மும்மடல் சிங்கிளின் மடல்களை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதியின் ஒட்டுப்பட்டை இறவாண விளிம்பை ஒட்டி வருமாறு வைத்து ஆணியறையப்படுகின்றது. இது இரண்டு பணிகளைச் செய்கின்றது. முதலாவது, முதல் வரியின் வெட்டுப்பிளவுகளிலும் மூட்டுகளிலும் இறங்கும் நீரைத் தாங்குகின்றது. இரண்டாவது, காற்றின் தாக்கம் மிகுந்த இறவாண விளிம்பில் முதல் வரியின் மடல்களை ஒட்டி நிறுத்துகின்றது. தொடக்க வரியின் முதல் துண்டில் 6 அங்குலம் வெட்டி நீக்கினால், அதன் மூட்டுகள் முதல் வரியின் மூட்டுகளுக்கு நேராக வாரா.

சிங்கிள் விளிம்பு சொட்டுத் தகட்டைத் தாண்டி 1/4 முதல் 3/4 அங்குலம் வரை நீண்டிருக்கவேண்டும். நீளாவிடின் நீர் பரப்பிழுவிசையால் விளிம்பைச் சுற்றி உட்புறம் செல்லும். மிகுதியாக நீண்டால் வெயிலில் தொய்வதோடு காற்றிலும் முறியும்.

வரிகளை அமைத்தல்

முதல் வரி முழுச் சிங்கிளுடன் தொடங்கும். இரண்டாம் வரியின் முதற் சிங்கிளில் 6 அங்குலம் குறைக்கப்பட்டு 30 அங்குலத் துண்டு இடப்படும். மூன்றாம் வரியில் 24, நான்காம் வரியில் 18, ஐந்தாம் வரியில் 12, ஆறாம் வரியில் 6 அங்குலம். ஏழாம் வரி மீண்டும் முழுச் சிங்கிளுடன் தொடங்கும். இதனால் ஒவ்வொரு வரியின் மூட்டும் வெட்டுப்பிளவும் கீழ்வரி மடலின் நடுவே வந்து அமையும்.

வரிகள் கோணாமல் இருக்க, இறவாணத்துக்கு இணையாக 5 அல்லது 10 அங்குலத்துக்கு ஒரு முறை நூல் அடிக்கப்படுகின்றது. நூற்கோட்டையன்றிக் கண்ணை மட்டும் நம்பி வேய்ந்தால், சிறு கோணலும் முகட்டை அடைகையில் பெருகிவிடும். சில இடங்களில் தலைமேற்படிவு 2 அங்குலத்துக்கும் குறைந்துபோகும்.

ஆணி அறைதல்

மும்மடல் சிங்கிள் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு ஆணிகள் வேண்டும்: இரு முனைகளிலிருந்தும் ஓர் அங்குலம் உள்ளே ஒவ்வொன்று, இரு வெட்டுப்பிளவுகளுக்கும் நேர்மேலே ஒவ்வொன்று. காற்று மிகுந்த பகுதிகளில் ஆறு ஆணிகள் அறையப்படுகின்றன.

ஆணி, ஒட்டுப்பட்டைக்குச் சற்றுக் கீழே, வெட்டுப்பிளவின் உச்சிக்கு ஏறத்தாழ 5/8 அங்குலம் மேலே அமையவேண்டும். இவ்விடத்தில் ஆணி, மேல்வரிச் சிங்கிளை மட்டுமன்றிக் கீழ்வரிச் சிங்கிளின் மேல் விளிம்பையும் துளைத்துச் செல்லும். எனவே ஒவ்வொரு சிங்கிளும் எட்டு ஆணிகளால் பிடிக்கப்படுகின்றது. ஆணியை உயரே அறைந்தால் கீழ்ச் சிங்கிள் பிடிபடாது. தாழ அறைந்தால் ஆணித்தலை வெளியே தெரியும். அத்துளை நேரடியாக நீர் புகும் வழியாகும்.

ஆணித்தலை சிங்கிளின் பரப்போடு சமமாக இருக்கவேண்டும். ஆழப் பதிந்தால் தலை சிங்கிளை வெட்டிவிடும். பதியாமல் நின்றால் மேல்வரிச் சிங்கிளை உயர்த்தி, ஒட்டுப்பட்டை ஒட்டாமல் தடுக்கும். ஆணி சாய்ந்து இறங்கினாலும் இதே குறை ஏற்படும்.

ஆணியின் நீளம் குறித்துக் கொட்டகைகளில் ஒரு சிக்கல் உண்டு. பலகை 3/4 அங்குலத்திலும் மெல்லியதாயின் ஆணி அதை முழுதும் துளைத்துச் செல்லவேண்டும் என்பது விதி. உட்கூரை இல்லாத கொட்டகையில் ஆணிமுனைகள் உட்புறம் நீட்டி நிற்கும். இதைத் தவிர்க்கக் குட்டையான ஆணிகளைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் அவ்வாணிகள் பலகையை உறுதியாகப் பற்றாமல் நாளடைவில் வெளித்தள்ளப்படும். தலை இடிக்கும் உயரத்தில் முனைகள் நீட்டியிருப்பின், உட்புறம் மெல்லிய பலகை அடித்து மறைப்பதே சரியான தீர்வாகும்.

முகடு

இரு சரிவுகளும் முகட்டை அடைந்தபின், சிங்கிளை மூன்றாக வெட்டிப் பெறப்படும் துண்டுகள் முகட்டின்மேல் இருபுறமும் மடித்து அறையப்படுகின்றன. வழமையாகக் காற்று வீசும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தொடங்கினால், துண்டுகளின் திறந்த விளிம்பு காற்றை எதிர்நோக்காது. ஒவ்வொரு துண்டும் முந்திய துண்டின் ஆணிகளை மறைக்கும். கடைசித் துண்டின் ஆணிகளை மறைக்க வேறு துண்டு இல்லை என்பதால், அவற்றின் தலைகள் மட்டும் தார்ப் பசையால் மூடப்படுகின்றன.

காலநிலை

ஒட்டுப்பட்டை ஒட்டுவதற்கு வெயிலும் வெப்பமும் தேவை. ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்குக் கீழே சிங்கிள் விறைத்து, வளைக்கும்போது வெடிக்கக்கூடும். குளிர்காலத்தில் வேய நேர்ந்தால் மடல்களின் அடியில் தார்ப் பசைப் பொட்டுகள் இட்டுக் கையால் ஒட்டவேண்டும். கடும் வெயிலில் மறுவகைச் சிக்கல் எழுகின்றது. இளகிய சிங்கிள்மீது நடந்தால் கல் துகள்கள் உதிர்ந்து காலடித் தடம் பதியும்.

பொதுவான பிழைகள்

 • தொடக்க வரி இன்றி முதல் வரியை அறைதல்.
 • அடுத்தடுத்த வரிகளின் மூட்டுகளை நேர்கோட்டில் விடுதல்.
 • ஆணிகளை உயரே அறைதல். இது கூரை புதிதாக உள்ளபோது வெளியே தெரியாது. முதற் பெருங்காற்றில் சிங்கிள்கள் வரிவரியாகப் பறக்கும்போதே தெரியவரும்.
 • சரிவு போதாத கூரையில் சிங்கிள் வேய்தல்.
 • மேற்படிவின் பிழையைத் தார்ப் பசையால் ஈடுசெய்ய முயலுதல். பசை சில ஆண்டுகளில் உலர்ந்து வெடிக்கும். சில வேளைகளில் அது வழிந்து வெளியேறவேண்டிய நீரை உள்ளேயே தடுத்தும் வைக்கும்.
 • எல்லாக் கட்டுகளையும் கூரையின் ஓரிடத்தில் அடுக்குதல். ஐந்து கட்டுகளின் எடை 150 கி.கி அளவில் இருப்பதால், கொட்டகையின் மெல்லிய கைமரங்கள் தொய்யக்கூடும்.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலில் நிகழும் இறப்புகளுக்கு உயரத்திலிருந்து விழுதலே முதன்மைக் காரணமாக உள்ளது. அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு விதிகள், கட்டுமானத் தொழிலாளர்கள் 6 அடியும் அதற்கு மேலும் உள்ள உயரத்தில் பணிபுரியும்போது வீழ்ச்சிப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. கொட்டகைக் கூரையின் இறவாணம் பெரும்பாலும் இவ்வுயரத்தை ஒட்டியே இருக்கும். முகடு அதனைத் தாண்டும். தம் வீட்டில் தாமே வேலை செய்பவரை இவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் விழுவதால் நேரும் காயம் இருவருக்கும் ஒன்றே. தாழ்ந்த கூரை என்ற எண்ணத்தில் கவனம் குறைவதே கொட்டகை வேலையின் ஆபத்து ஆகும்.

 • ஏணியின் உயரம் 4 பங்கெனில், அதன் அடி சுவரிலிருந்து 1 பங்கு தள்ளி இருக்கவேண்டும். கூரையில் ஏறி இறங்குவதாயின் ஏணி இறவாணத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்கவேண்டும்.
 • ஈரமான கூரையிலோ உதிர்ந்த கல் துகள்களின்மீதோ நடக்கக்கூடாது.
 • சிறு கொட்டகையில் கீழ் வரிகளை ஏணியிலோ சாரத்திலோ நின்றே அறையலாம். கூரையில் ஏறத் தேவையில்லை.
 • வெட்டுக்கத்தியால் சிங்கிளைப் பின்புறமாக வெட்டவேண்டும். துகள் உள்ள முகத்தில் வெட்டினால் அலகு விரைவில் மழுங்கி வழுக்கும்.
 • பழைய சிங்கிள்கள் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஐயம் இருப்பின் அகற்றுமுன் சோதிக்கவேண்டும்.

பராமரிப்பும் கழிவும்

கூரையின்மேல் தேங்கும் இலைகளும் கிளைகளும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அவ்வப்போது அகற்றப்படவேண்டும். புயலுக்குப் பின்னர், புரண்ட மடல்கள் உள்ளனவா எனக் கீழிருந்தே பார்த்தறியலாம். கொட்டகைகளில் உட்கூரை இல்லாதது ஒரு வகையில் நன்மையாகும். கூரைப் பலகையின் அடிப்புறத்தில் கறையோ ஈரமோ தென்பட்டால் ஒழுக்கை உடனே கண்டறியலாம். கறை உள்ள இடத்துக்கு நேர்மேலே ஒழுக்கு இருக்கவேண்டியதில்லை. நீர் பலகை வழியே கீழ்நோக்கி ஓடி வந்திருக்கும் என்பதால் கறைக்கு மேற்பகுதியிலேயே தேடவேண்டும்.

தார்ச் சிங்கிள் எளிதில் மக்காத பொருள். ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட சிங்கிள் கழிவாகின்றது. இதன் பெரும்பகுதி நிலநிரப்பிடங்களுக்குச் செல்கின்றது. ஒரு பகுதி அரைக்கப்பட்டு, அதிலுள்ள நிலக்கீலுக்காகச் சாலை அமைக்கும் கலவையில் சேர்க்கப்படுகின்றது. முறையாக வேயப்பட்ட கூரை அடிக்கடி மாற்றப்படவேண்டியதில்லை என்பதால், சரியான வேலைமுறை கழிவையும் குறைக்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

 • கூரை
 • ஓடு
 • நிலக்கீல்
 • ஒட்டுப்பலகை
 • கண்ணாடியிழை